வெள்ளிக்கிழமை வரை ஹால்வார்ட்

வெள்ளிக்கிழமைக்குள் பிணமாகியே தீர வேண்டிய ஆள், புதன்கிழமை காலை ஆறரை மணிக்குச் சீட்டியடித்தபடி காப்பி போட்டுக்கொண்டிருந்தான்.

ஹால்வார்ட்!

வயது ஐம்பத்தெட்டு. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. 'ஸ்கார்வ்' என்ற அந்தப் பாய்மரப் படகுக்குச் சொந்தக்காரன், கேப்டன், சமையல்காரன், சட்டதிட்டம் எல்லாமே அவன்தான்.

முன்பக்கக் கேபினில் படுத்திருந்த எய்வின்ட் அந்தச் சீட்டியைக் கேட்டுப் பல்லை நறநறவென்று கடித்தான்.

மூன்று நாள் ஓடிவிட்டது. இரண்டு முறை முயற்சி செய்தாயிற்று. இரண்டும் புஸ்வாணம். கொல்லப்பட வேண்டியவன் அமோகமாக இருக்கிறான். கொல்ல வேண்டியவனுக்குத்தான் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்தில் யோருன் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடத்து மனைவி. தூக்கத்திலும் ஒரு கையை அவன் தோள்மேல் போட்டிருந்தாள்.

அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆரம்பித்தது வினை. டென்மார்க்கின் வடக்கு முனை, ஸ்காகென் துறைமுகம். யோருன் குளிக்கப் போயிருந்தாள். ஆண்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து பொரித்த மீனைத் தின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகவே வளர்ந்தவர்கள். வருடா வருடம் ஜூன் மாதம் மூன்று பேருமாக இந்தப் படகில் கிளம்பி, டென்மார்க், ஸ்வீடன் கரைகளைத் தொட்டுக்கொண்டு நார்வேக்குத் திரும்புவது வழக்கம்.

ஹால்வார்ட் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"டேய் எய்வின்ட்... இந்த வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை என் நெஞ்சைப் பிளக்கப் போறாங்க. வால்வு மாத்தணுமாம்."

"இப்பல்லாம் அது பல்லு பிடுங்கற மாதிரிடா. ரெண்டு வாரத்துல எழுந்து நடப்ப."

"பொழைச்சா நடப்பேன். பொழைக்கலைன்னா? அந்த விஷயத்தை உள்ளயே வச்சுக்கிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல."

எய்வின்டின் வாயில் மீன் அப்படியே நின்றது.

"எந்த விஷயம்?"

"உனக்குத் தெரியாதா எந்த விஷயம்னு? வெள்ளிக்கிழமை கிரோஹோல்மன் தீவுக்குப் போயிடுவோம். அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீயே யோருன்கிட்ட சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

அந்த விஷயத்துக்கு வயது இருபத்தேழு.

நவம்பர் மாத இருட்டு. ஈரச் சாலை. காரை ஓட்டியது எய்வின்ட். வயிறு நிறைய பீர். பக்கத்து சீட்டில் ஹால்வார்ட். வளைவில் ஒரு சைக்கிள் வந்தது. அதில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். டமாரென்று ஒரு சத்தம். எய்வின்ட் காரை நிறுத்தவில்லை. பையன் வாய்க்காலில் கிடந்து விடியற்காலையில்தான் உயிரை விட்டான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்றும் போட்டிருந்தார்கள்.

பையன் பெயர் ஸ்வெர்ரே.

குற்ற உணர்ச்சி தாங்காமல் எய்வின்ட் அந்தப் பையனின் சவ அடக்கத்துக்குப் போனான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். முன் வரிசையில் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குக் கைக்குட்டை கொடுத்தான். அவள் ஸ்வெர்ரேயின் அக்கா.

யோருன்!

இரண்டு வருடம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டான். பரிகாரமாக நினைத்துத்தான் ஆரம்பித்தான். ஆறே மாதத்தில் அது நிஜமான காதலாகிவிட்டது. இன்று அவன் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் இருட்டு மாதங்கள் தொடங்கும்போது, காரின் வெளிச்சத்தில் பளபளக்கும் பட்டைகளைக் குழந்தைகளின் கோட்டில் தன் கையாலேயே கட்டிவிடுவான். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும்.

சட்டத்தை நினைத்து அவனுக்குப் பயமில்லை. அந்த வழக்கு காலாவதியாகி வருடக்கணக்கு ஆகிறது. பயமெல்லாம் யோருனை நினைத்துத்தான். தம்பியைக் கொன்றவனோடு கால் நூற்றாண்டு ஒரே படுக்கையில் படுத்தோம் என்று தெரிந்தால், அவள் ஒரு நிமிடம் நிற்பாளா?

எனவே ஹால்வார்டின் வாயை அடைக்க வேண்டும்.

முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. செய்வதுதான் உயிரை வாங்கியது. கொலைக்கு இருட்டு வேண்டும், ஆளில்லாத இடம் வேண்டும். ஜூன் மாத வடகடலில் இரண்டும் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குப் புத்தகம் படிக்கலாம். விடிகாலை மூன்றரைக்கு மறுபடி வெளிச்சம்!

திங்கட்கிழமை அதே ஸ்காகெனில் முதல் முயற்சி. துறைமுகத்தில் பந்தயப் படகுகளின் கூட்டம். இடமில்லாமல் ஒன்றோடொன்று பக்கவாட்டில் கட்டி ஆறு படகுகள். கடைசிப் படகுதான் ஸ்கார்வ். கரைக்குப் போக வேண்டுமென்றால் மற்ற ஐந்து படகுகளின் மேல்தளத்தில் நடந்துதான் போக வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு ஹால்வார்ட் ரொட்டி வாங்கக் கிளம்பினான். எய்வின்ட் பூனை மாதிரிப் பின்னால் போனான். இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு தள்ளு... நசுங்கிச் செத்தான், கால் தவறிவிட்டது, முடிந்தது கதை.

ஆனால் ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவர் தூங்குகிற உடையில், கையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து காலை வணக்கம் சொன்னார். ஐந்து படகு, ஐந்து வணக்கம். கரையை ஒட்டிய படகில் பிரெபென் என்ற டென்மார்க் கிழவரும் அவர் மனைவி பீர்டேயும் இருந்தார்கள். ரிட்டயரான ஜோடி. எய்வின்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் பயணம் என்று கேட்டார்கள். கிரோஹோல்மன் என்றதும் பிரெபெனின் முகம் மலர்ந்தது. அவர்களும் அந்தப் பக்கம்தானாம்!

செவ்வாய்க்கிழமை ஸ்வீடன் கரையை நோக்கிக் கடலைக் கடந்தார்கள். நல்ல காற்று, தலைக்கு மேல் அலை. சுக்கான் எய்வின்ட் கையில். ஹால்வார்ட் முன்தளத்தில் நின்று பாயைச் சரி செய்துகொண்டிருந்தான். யோருன் கீழே இருந்தாள்.

எய்வின்ட் சுக்கானைச் சடாரென்று ஒடித்தான்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹால்வார்ட் தூக்கி எறியப்பட்டான். கடலுக்குள் விழுந்தான் என்றுதான் எய்வின்ட் நினைத்தான். ஆனால் பாதுகாப்பு வார் அவன் இடுப்பையும் படகையும் சேர்த்துப் பிடித்திருந்தது. கம்பிக்கு வெளியே தொங்கியவன் தானாகவே ஏறி வந்தான். தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அலை பார்த்து எப்படிச் சுக்கான் பிடிப்பது என்று முழுசாக ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். கொல்ல முடியாமல் போனது ஒரு எரிச்சல். திட்டு வாங்கியது அதைவிட எரிச்சல்.

இப்படித்தான் புதன்கிழமை வந்தது. சீட்டியும் காப்பியும்.

அன்றைக்குக் கடவுளே கண் திறந்த மாதிரி மூடுபனி இறங்கியது. ஸ்வீடன் கரையின் பாறைத் தீவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படகின் மூக்கே தெரியவில்லை. ஹால்வார்ட் அந்த மூக்கில் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தான். இன்று வார் மாட்டவில்லை! யோருன் கீழே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

எய்வின்ட் சுக்கானைக் கட்டிவிட்டு முன்னால் நகர்ந்தான்.

நாலடி... மூன்றடி... ஹால்வார்டின் மஞ்சள் கோட்டு கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு கையையும் நீட்டினான்...

"ஸ்கார்வ்தானே அது?"

பனிக்குள்ளிருந்து ஒரு குரல். அதன் பின்னாலேயே ஒரு படகு.

பிரெபென்!

"உங்க ஊதுகுழல் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டோம். எங்ககிட்ட ரேடார் இருக்கு, பின்னாலயே வாங்க" என்றார் மகிழ்ச்சியாக. எய்வின்டின் நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டு, தன்னை வரவேற்கிறான் என்று நினைத்து அவரும் கையை நீட்டி ஆட்டினார்.

அன்று முழுக்க அந்த டென்மார்க் படகின் வாலைப் பிடித்துக்கொண்டே போனார்கள். வியாழக்கிழமையும் விடவில்லை. ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டினார்கள். காலையில் கேக், மத்தியானம் கேக், சாயங்காலம் ஹெரிங் மீனும் சீட்டாட்டமும். ஹால்வார்டும் பிரெபெனும் ஒரு நொடி பிரியவில்லை. எய்வின்டுக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொலை செய்ய நினைக்கிறவனுக்கு இந்த உலகத்தில் மரியாதையே கிடையாதா?

அன்று மாலை யோருன் அவனைப் பாறையின் உச்சிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கீழே கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அவள் கேட்டாள்.

"இந்தத் தடவை நீ நீயா இல்லையே. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. முதுகு வலி."

"எதுவா இருந்தாலும் சொல்லலாம். நான் ஒண்ணும் கண்ணாடி இல்ல, உடைஞ்சு போக."

அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை. ஒரு கணம்... ஒரே ஒரு கணம், சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான். நிஜமாகவே முதுகு வலிதான் என்று சாதித்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். அவள் இறங்கிப் போவதைப் பார்த்தபோது, இவளை இழந்துவிட்டு வீட்டின் காலியான சமையலறையில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி வந்தது.

நாளை. எப்படியாவது நாளை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஸ்கார்வ் நார்வே கரைக்குள் நுழைந்து கிரோஹோல்மனை அடைந்தது. ஆளில்லாத மொட்டைப் பாறைத் தீவு. பின்னால் நங்கூரம் போட்டு, முன்பக்கத்தைப் பாறையில் கட்டினார்கள். டென்மார்க் ஜோடி காலையிலேயே வேறு பக்கம் போய்விட்டது. சுற்றிலும் ஒரு பாய் இல்லை, ஒரு மனிதன் இல்லை. எய்வின்டுக்கு ஒரு வாரத்தில் முதல் முறையாகப் பசித்தது.

ஆறு மணிக்கு இறாலும் வெள்ளை ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஏழு மணிக்கு யோருன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தீவின் மேற்குப் பக்கம் போய்க் குளித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"பத்து மணி ஆயிடும் வர. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க."

போய்விட்டாள்.

ஹால்வார்ட் பாத்திரங்களைக் கழுவி வைத்தான். கயிறுகளைச் சுருட்டினான். எட்டே முக்காலுக்குப் படகின் பின்பக்கத்தில் நின்று நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தபடியே சொன்னான்.

"அவ வந்ததும் நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

பாய்க் கயிற்றை இறுக்கும் விஞ்ச்சின் இரும்புக் கைப்பிடி எய்வின்ட் கையில் இருந்தது.

"மௌனமா இருக்காதடா. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாரு, உனக்கே..."

கைப்பிடி இறங்கியது.

ஒரே அடி. ஹால்வார்ட் திரும்பிப் பார்த்தான். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அப்படியே முன்னால் சரிந்தான். எய்வின்ட் அவனைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தான். அவன் பேன்ட் ஜிப்பைத் திறந்துவிட்டான். இந்தக் கரையில் படகோரத்தில் நின்று ஒன்றுக்குப் போகும்போது விழுந்து சாகிற ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தனாக ஹால்வார்டும் இருந்துவிட்டுப் போகட்டும்!

சளக்.

கைப்பிடியும் கடலுக்குள் போனது. வாளியில் தண்ணீர் மொண்டு தளத்தைக் கழுவினான். மறுபடி கழுவினான். தூண்டிலை எடுத்தான். அழுகை வந்தது, ஐம்பது வருடச் சிநேகிதன் ஆயிற்றே.

கேபினில் இருந்த பித்தளைக் கடிகாரம் ஒன்பது அடித்தது.

எய்வின்டின் கை தானாகவே பின்பக்கம் போனது. கம்போடு நாட்டுக் கொடியை உருவியது. நீர் படாமல் சுருட்டியது. உறையில் போட்டது. பெஞ்சுக்கு அடியில், அதன் இடத்தில் வைத்தது.

இதில் அவன் மூளைக்கு வேலையே இல்லை. நார்வேக்காரனின் படகில் காலை எட்டு மணிக்குக் கொடி ஏறும். கோடையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒன்பது மணிக்கு இறங்கும். ஒன்பதுக்கு மேல் கொடி பறந்தால் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிய காரியம். சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரிச் செய்துவிட்டு, செய்தோம் என்பதே நினைவில்லாமல் படகிலிருந்து இறங்கித் தீவின் தெற்கு முனைக்கு ஓடினான்.

பத்து மணிக்குத் திரும்பியபோது யோருன் பாறைமேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே தண்ணீரில் மஞ்சள் கோட்டு மிதந்தது. அவள் கத்தவில்லை. கத்தியது எய்வின்ட்தான். நன்றாகவே கத்தினான்.

போலீஸ் படகில் வந்த டாக்மர் என்ற பெண் அதிகாரி ஐம்பது வயதுக்காரி, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். பிணத்தை ஏற்றினாள். திறந்திருந்த ஜிப்பைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டாள்.

"வருஷத்துக்கு நாலஞ்சு பேர் இப்படித்தான் போறாங்க. விழும்போது ஏணியில தலை மோதியிருக்கும். உள்ளே கழிப்பறை இருக்கும், ஆனா அதுல போனா மானம் போயிடும் நம்ம ஆம்பளைங்களுக்கு" என்றாள்.

எய்வின்ட் அழுதான். அதுவும் நிஜ அழுகைதான். நிம்மதியும் அதில் கலந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணி. பக்கத்து ஊர்த் துறையில் ஸ்கார்வைக் கட்டியிருந்தார்கள். படகின் பின்தளத்தில் டாக்மர், எய்வின்ட், யோருன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்மர் கையில் ஒரு தாள்.

"ஒரு சின்ன விஷயம். உங்க நண்பர் நெஞ்சுல ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாடி இதயத் துடிப்பைப் பதிவு பண்ற கருவி. அது ஒட்டிக்கிட்டாத்தான் பயணம் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

எய்வின்டுக்குத் தெரியாது.

"நேத்து சாயங்காலம் எட்டு நாற்பத்தேழுக்குத் துடிப்பு நின்னிருக்கு. அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

அட... இவ்வளவுதானா! எய்வின்டுக்கு மூச்சு திரும்பி வந்தது. நேரம் தெரிந்தால் என்ன? அவனுடைய கதைக்கு அது பொருத்தமாகத்தானே இருக்கிறது!

"தெற்கு முனையில. எட்டரைக்கே தூண்டிலை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். பத்து மணிக்குத்தான் திரும்பினேன்."

"நடுவுல படகுக்கு வரல?"

"வரவே இல்ல. வந்திருந்தா... வந்திருந்தா அவனைக் காப்பாத்தியிருப்பேனே."

டாக்மர் எழுதிக்கொண்டாள். வேறு கேள்வி இல்லை என்றாள். விபத்து என்று போட்டு முடித்துவிடலாம், இருவரும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று தாளை நீட்டினாள். எய்வின்ட் பேனாவை வாங்கினான். ஒரு வாரமாக அவனைப் படுத்தி எடுத்த எல்லா எரிச்சலும் அந்தப் பேனாவின் முனையில் முடியப் போகிறது...

"அப்ப கொடியை யார் இறக்கினது?"

யோருன்!

பேனா தாளில் நின்றது. டாக்மரின் தலை நிமிர்ந்தது. கரையில் பிறந்தவள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எந்தக் கொடி?" என்றான் எய்வின்ட். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

யோருன் அவனைப் பார்க்காமல் டாக்மரிடம் பேசினாள்.

"நான் குளிக்கப் போகல. இவங்க ரெண்டு பேரையும் தனியா விடணும்னுதான் அப்படிச் சொன்னேன். நேரா வடக்குக் குடாவுக்குப் போயிட்டேன். பிரெபென், பீர்டேன்னு டென்மார்க்காரங்க, மத்தியானம் அங்க வந்து நங்கூரம் போட்டிருந்தாங்க. அவங்க படகுலதான் ஒன்பதரை வரைக்கும் இருந்தேன்."

பிரெபென்! எய்வின்ட் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கிழவர் போகவே இல்லை!

"அங்கிருந்து பார்த்தா நடுவுல ஒரு பாறை. ஸ்கார்வோட தளம் மறைஞ்சிடும். கொடி மட்டும் பாறைக்கு மேல தெரியும். அவங்க ஊர்ல சூரியன் மறையற வரைக்கும் கொடியை விட்டு வைப்பாங்க. நாம ஒன்பது அடிச்சா இறக்கிடறோம். அதை வச்சு பிரெபென் என்னைக் கிண்டல் பண்ணிட்டிருந்தாரு. கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு, 'பாரு, இப்ப இறங்கும்'னாரு. சரியா ஒன்பது. கொடி இறங்கிச்சு. நாங்க மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே கை தட்டினோம்."

அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"ஹால்வார்ட்னு நினைச்சுத்தான் கை தட்டினோம்."

டாக்மர் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அவர் செத்துப் பதிமூணு நிமிஷம் ஆயிருந்தது."

"காத்துல... காத்துல விழுந்திருக்கும்" என்றான் எய்வின்ட்.

டாக்மர் பெஞ்சின் அடியில் கையை விட்டாள். உறையோடு கொடியை வெளியே எடுத்தாள். அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் சுருட்டப்பட்டிருந்தது. பிறகு விஞ்ச்சின் பக்கத்தில் அதன் கைப்பிடிகளைச் செருகி வைக்கும் பைகளைப் பார்த்தாள். இரண்டு பை. ஒரு கைப்பிடி. ஸ்கார்வ் நின்ற இடத்தில் கடலடியில் தேட முக்குளிப்பவர்களை அனுப்பச் சொல்லி ஃபோனில் உத்தரவு கொடுத்தாள்.

எய்வின்ட் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். பிறகு யோருனின் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கையில் உயிரும் இல்லை.

"உனக்காகத்தான் யோருன்... உன்னை இழந்துடக் கூடாதுன்னுதான். அவன் உன்கிட்ட ஒண்ணு சொல்றதா இருந்தான்..."

"ஸ்வெர்ரே விஷயத்தையா?"

கடல் காகம் ஒன்று எங்கோ கத்தியது.

"உனக்கு... உனக்கு எப்படி..."

"நீ தூக்கத்துல பேசுவ எய்வின்ட். கல்யாணம் ஆகி மூணாவது வருஷம், ஒரு நவம்பர் மாசம், காரையும் வளைவையும் சைக்கிளையும் ஒண்ணு விடாம சொன்ன. மறுநாள் நான் ஹால்வார்டைப் போய்க் கேட்டேன். அவன் உட்கார்ந்து அழுதான்."

"இருபத்திரண்டு வருஷமா... தெரிஞ்சும் என்கூட..."

"ரெண்டு வருஷம் உன்னை வெறுத்தேன். பெட்டியை எத்தனையோ தடவை கட்டினேன். அப்புறம் நீ அந்தக் குழந்தைங்க கோட்டுல பட்டை கட்டிவிடறதைப் பார்த்தேன். நீ உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கன்னு புரிஞ்சுது. மன்னிக்கத் தயாராத்தான் இருந்தேன். ஆனா கேக்காத மன்னிப்பை எப்படிக் குடுக்கறது? இன்னைக்குச் சொல்வ, நாளைக்குச் சொல்வன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு ஹால்வார்ட்தான் சொன்னான். உன்னைக் கொஞ்சம் பயமுறுத்தினா நீயே வந்து சொல்லிடுவன்னு நம்பினான். ஆனா வெள்ளிக்கிழமைன்னு நாள் குறிச்சது அவன் இல்ல. நான். ஒரு வாரம் உனக்குப் போதும்னு நினைச்சேன்."

ஒரு வாரம். துறைமுகத்திலும் நடுக்கடலிலும் மூடுபனியிலும் ஹால்வார்டின் முதுகையே பார்த்துக்கொண்டு திரிந்த ஒரு வாரம்! திரும்பிப் பார்த்திருந்தால் அவள் காத்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். இருபத்தேழு வருடமாக அடைத்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு இப்போது போகிற இடமே இல்லை.

டாக்மர் எழுந்து விலங்கை எடுத்தாள். மணிக்கட்டில் மாட்டினாள். கடமைப்படி ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தாள்.

"கொலைக் குற்றத்துக்காக உங்களைக் கைது பண்றேன். எங்ககிட்ட நீங்க எதுவும் பேசணும்னு கட்டாயம் கிடையாது. வாயை மூடிட்டு இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. புரியுதா?"

யோருன் அவனை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"நல்லாவே புரியும். அதுல அவருக்கு இருபத்தேழு வருஷ அனுபவம்."